பழனி என்று பதில் சொல்லும் முன்

ஒரு கேள்வி. ஞானப்பழத்துக்காக மயிலேறி உலகைச் சுற்றிய பிள்ளையார், பழம் கிடைக்காத கோபத்தில் வந்து நின்ற மலை எது?

பழனி என்று மனம் சொல்லியிருந்தால் கேள்வியை இன்னொரு முறை படியுங்கள். மயிலேறியது முருகன். பிள்ளையார் அம்மையப்பனைச் சுற்றிவந்து பழத்தை வாங்கிக்கொண்டவர். கதை நமக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் பிழை நழுவிவிடுகிறது.

1981-ல் எரிக்சன், மேட்சன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இதைத்தான் சோதித்தார்கள். மோசே தன் பேழையில் ஒவ்வொரு விலங்கிலும் எத்தனையை ஏற்றினார் என்று கேட்டார்கள். வேதாகமத்தின் பெருவெள்ளக் கதையில் வரும் அந்தப் பேழை நோவாவுடையது என்று தெரிந்த பலரும் 'இரண்டு' என்றார்கள். படிக்கும்போது மூளை ஒவ்வொரு சொல்லையும் சரிபார்ப்பதில்லை. ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடு ஏறத்தாழப் பொருந்தினால் போதும், மேலே போய்விடும். மோசேயும் நோவாவும் ஒரே வேதாகமத்து ஆட்கள். பிள்ளையாரும் முருகனும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அந்த இடத்தில் அனுமன் இருந்திருந்தால் உடனே இடறியிருக்கும். இதைச் சோம்பல் என்று சொல்ல மாட்டேன். எல்லாச் சொல்லையும் சோதித்துக்கொண்டிருந்தால் ஒரு நாளிதழைக்கூடப் படித்து முடிக்க முடியாது.

ஆனால் இதனாலேயே, பழகிய விஷயத்தைப் பற்றிய செய்தியில்தான் எளிதாக ஏமாறுகிறோம். '12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி கொடைக்கானலில் பூத்தது' என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது என்று வையுங்கள். கொடைக்கானல், குறிஞ்சி, 12 எல்லாம் சரியாகத்தான் படுகிறது. அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுவோம். நிதானமாகப் படிப்பவர் அங்கே நிற்பார். எந்த ஆண்டு? கொடைக்கானல் பக்கம் நீலக்குறிஞ்சி பெருமளவில் பூத்தது 2006-லும் 2018-லும். கணக்குப்படி அடுத்தது 2030. எந்தக் குறிஞ்சி? மேற்குத் தொடர்ச்சி மலையில் குறிஞ்சி இனங்கள் பல, ஆண்டுதோறும் பூப்பவையும் உண்டு. படத்தில் இருப்பது குறிஞ்சியாகவே இருக்கலாம். 12 என்ற எண் மட்டும் வேறொரு செடியுடையது. முழுப் பொய்யைவிட இப்படி ஒட்டுப்போட்ட செய்தியைப் பிடிப்பதுதான் கடினம்.

அப்புறம், உற்றுப் படிப்பதால் மட்டும் எல்லாம் பிடிபட்டுவிடாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர்கள், மாணவர்கள், செய்தி சரிபார்ப்பவர்கள் ஆகியோரிடம் சில இணையதளங்களைக் காட்டி, எது நம்பத்தக்கது என்று கேட்டார்கள். முதல் இரு தரப்பிலும் பலர் அந்தப் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்து, நேர்த்தியான சின்னத்திலும் முகவரியிலும் ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்களோ சட்டென்று வெளியேறி, தளத்தை நடத்துவது யார் என்று வேறு இடங்களில் தேடினார்கள். குறிஞ்சிப் படத்தையும் அப்படித் தேடலாம். அதே படம் முன்பு எந்த ஆண்டு, எந்த மலையின் பெயரில் சுற்றியது என்று பார்த்தால் பெரும்பாலும் விஷயம் வெளியே வந்துவிடும்.