உங்கள் நாய் எதன் மேல் படுக்கிறது?

பத்து மாத வயதுள்ள, கிரேட் டேன் என்ற பெரிய இனத்து நாய் ஒன்றைச் சிகிச்சைக்கு அழைத்து வந்தார்கள். முன்னங்கால்கள் இரண்டிலும், முழங்கையில், எலுமிச்சை அளவுக்கு வீக்கம். புற்றுநோய்க் கட்டியாக இருக்குமோ என்ற பயத்தில் அதை வளர்க்கும் அம்மா வரும் வழியெல்லாம் அழுதிருக்கிறார். தொட்டுப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது, உள்ளே நீர் அசைந்தது, நாய்க்கு வலியில்லை.

"ராத்திரி எங்கே படுக்கும்?"

"ஹால்லதான் டாக்டர். தரையில அது பாட்டுக்குப் படுத்துக்கும்."

விடை அதிலேயே இருந்தது. நாயின் முழங்கை எலும்பு முனைக்கும் தோலுக்கும் நடுவே சதை என்று சொல்ல ஒன்றும் இல்லை. கனமான நாய் தொப்பென்று படுக்கும்போதெல்லாம் அந்த முனை தரையில் இடிக்கிறது. ஒவ்வொரு நாளும், ஒரு நாளில் பல தடவை. அடிபட்ட இடத்தைக் காத்துக்கொள்ள உடம்பு அங்கே நீரைக் கோத்து ஒரு பையை உண்டாக்குகிறது. பெரிய இனங்களில், அதுவும் முழங்கைத் தோல் இன்னும் தடிக்காத இளம் வயதில், இது அடிக்கடி வரும். ஊசி போட்டு அந்த நீரை எடுத்துவிடலாமே என்று கேட்டார்கள். எடுத்தால் கிருமி உள்ளே போக வழி திறக்கும். படுக்கும் இடம் மாறாவிட்டால் நீர் மறுபடி கோத்துக்கொள்ளும். அதனால் மருந்துச் சீட்டில் நான் எழுதியது ஒன்றுதான்: படுக்கை. வீட்டில் இருந்த பழைய போர்வைகளை மடித்துத் தைத்துப் போட்டார்கள். சில வாரங்களில் வீக்கம் வற்றிவிட்டது.

முழங்கை வீக்கம் எல்லாமே இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். சூடாக, வலியாக, கெட்டியாக இருந்தால் அது வேறு விஷயம். மருத்துவர் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நாய்க்குப் படுக்கை எதற்கு, அதெல்லாம் செல்லம் கொடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். வளர்ந்த நாய் ஒரு நாளில் ஏறக்குறைய பாதி நேரம் தூங்குகிறது. குட்டிகள் 18 மணி நேரம்கூடத் தூங்கும். அவ்வளவு நேரம் உடம்பு எதன் மேல் அழுந்திக் கிடக்கிறது என்பது நாம் என்ன உணவு தருகிறோம் என்பதைப் போலவே முக்கியம். மூட்டுத் தேய்மானம் வந்த கிழ நாய் காலையில் எழும்போது படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

விலை கொடுத்து வாங்க வேண்டும் என்றும் இல்லை. உண்மையைச் சொன்னால், அழகாக இருக்கிறதே என்று வாங்கிய படுக்கைகள் பலவற்றைவிட வீட்டில் பழந்துணியில் தைத்த படுக்கையே எனக்குப் பிடிக்கும். காரணம், அதைப் பிரித்துத் துவைக்கலாம். உறை கழற்ற வராத, உள்ளே தண்ணீர் போனால் காயாத படுக்கை எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் சில மாதங்களில் நோய்க்கூடாகிவிடும்.

தெள்ளுப்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நாயின் மேல் ஓடுவதை மட்டும்தான் நாம் பார்க்கிறோம். ஒரு பெண் தெள்ளு ஒரு நாளில் 40 முட்டை வரை இடும். அந்த முட்டைகள் முடியில் ஒட்டாது, வழுக்கி உதிரும். நாய் அதிக நேரம் கிடக்கும் இடம் எதுவோ அங்கேதான் அதிகமாக உதிரும். முட்டையிலிருந்து வரும் புழு, தாய்த் தெள்ளின் கழிவைத் தின்று துணி இடுக்கில் வளர்கிறது. அந்தக் கழிவு காய்ந்த இரத்தமே தவிர வேறில்லை. அப்புறம் புழு கூடு கட்டி, உள்ளே மாதக்கணக்கில் காத்திருக்கவும் அதற்குத் தெரியும். பக்கத்தில் அதிர்வோ உடல் சூடோ தெரிந்ததும் வெளியே வரும். பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் நுழைந்ததும் காலில் தெள்ளு மொய்ப்பது இதனால்தான். நாய்க்கு மருந்து போட்டுவிட்டுப் படுக்கையை அப்படியே விட்டவர்கள், "மருந்து வேலை செய்யவில்லை" என்று திரும்பி வருவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மருந்தைக் குறை சொல்ல முடியாது.

சரி, படுக்கைக்கு வருவோம்.

முதலில் அளவு. நாய் நன்றாகக் கால் நீட்டிப் படுத்திருக்கும்போது மூக்கிலிருந்து வாலின் அடி வரை அளந்துகொள்ளுங்கள். அதோடு 20 செ.மீ. சேர்த்தால் நீளம். முதுகிலிருந்து நீட்டிய பாதம் வரை அளந்தால் அகலம். சுருண்டு படுக்கிற நாய்க்குச் சின்னதாகவே போதுமே என்று தோன்றும். குளிருக்குச் சுருளும் நாய் வெயில் காலத்தில் அகலமாக மல்லாந்துவிடும், ஆகவே பெரிதாகவே தையுங்கள்.

பழைய பருத்திப் பெட்ஷீட் இரண்டு, போர்வைகள் நாலைந்து, ஊசி நூல். இவ்வளவுதான் வேண்டும். எல்லாவற்றையும் வெட்டுவதற்கு முன்னாலேயே ஒருமுறை துவைத்துக் காயவையுங்கள். பருத்தி சுருங்கும், தைத்த பிறகு சுருங்கினால் உறைக்குள் மெத்தை போகாது.

போர்வைகளை அளவுக்கு மடித்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, பழைய பெட்ஷீட் துணியில் ஒரு பையாகத் தைத்து அதற்குள் வையுங்கள். நாலு பக்கமும் மூடித் தைத்துவிடலாம். அடுத்து, பெரும்பாலோர் விட்டுவிடுகிற ஒரு வேலை இருக்கிறது. அந்த அடுக்கு முழுவதையும் ஊடுருவி நீளவாக்கில் மூன்று நாலு வரி தையல் ஓட்டுங்கள். நாய் படுக்கும் முன் சுற்றிச் சுற்றி வரும், காலால் பறிக்கும். அது அதன் இயல்பு, தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். வரித் தையல் இல்லாவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் ஒரு மூலைக்குப் போய், இடுப்புக்கும் முழங்கைக்கும் கீழே வெறும் துணிதான் மிஞ்சும்.

தலையணைப் பஞ்சை அப்படியே திணிக்கலாமா என்று கேட்பார்கள். குட்டி இனங்களுக்குப் பரவாயில்லை. 30 கிலோ நாய்க்கு அது உதவாது. கை வைத்தால் மெத்தென்று இருக்கும், நாய் படுத்ததும் அமுங்கித் தரை தட்டும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. தைத்து முடித்ததும் படுக்கையின் மேல் ஒரு முழங்காலை ஊன்றி உங்கள் எடையைப் போட்டுப் பாருங்கள். தரை தட்டினால் இன்னும் இரண்டு போர்வை சேர்க்க வேண்டும். சின்ன நாய்க்கு அமுங்கிய பிறகு 4 செ.மீ. இருந்தாலே போதும், பெரிய நாய்க்கு 7, 8 செ.மீ. மிஞ்ச வேண்டும் என்பது என் கணக்கு. ஸ்பாஞ்ச் கிடைத்தால் அடியில் ஒரு பலகை போல வைத்து மேலே போர்வை அடுக்கலாம். ஆனால் தொட்டாலே பொடிப்பொடியாக உதிரும் பழைய ஸ்பாஞ்ச் வேண்டாம்.

மேலுறை தனி. தலையணை உறை போல, ஒரு பக்கம் திறந்து, துணி ஒன்றன் மேல் ஒன்று ஒரு சாண் படிகிற மாதிரி மடித்துத் தையுங்கள். ஜிப், பட்டன், குஞ்சம், நாடா எதுவும் வேண்டாம். நூல் சுருள்சுருளாகத் தூக்கி நிற்கும் டவல் துணியில் நகம் மாட்டிக் கிழியும்; நெருக்கமாக நெய்த பருத்தியே நல்லது. இப்படி இரண்டு உறை தைத்துக்கொண்டால் ஒன்று துவைக்கும்போது இன்னொன்று இருக்கும். ஒரே ஒரு உறை வைத்திருப்பவர்கள் துவைப்பதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே போவார்கள், அதுவும் அனுபவத்தில் சொல்கிறேன்.

தைக்கவே வராதவர்கள் மடித்த போர்வையைப் பெரிய தலையணை உறைக்குள் போட்டாலும் சின்ன நாய்க்கு அது முழுப் படுக்கைதான்.

கடித்துக் குதறுகிற குட்டிக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அதற்குத் திணித்த மெத்தையே கூடாது. தடித்த துணி ஒன்றை மடித்துப் போட்டு, கிழிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். துணிக்கீற்றையும் நூலையும் விழுங்கிய நாய்களுக்கு நான் அறுவை சிகிச்சை செய்திருக்கிறேன். நீளமான நூலின் ஒரு முனை எங்காவது மாட்டிக்கொள்ள, மறுமுனையைக் குடல் இழுத்துக்கொண்டே போகும். சுருக்குப்பையைப் போலக் குடல் சுருங்கிக் கூடிவிடும், சில நேரம் அறுபடும். நாய் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, தீனியைத் தொடாமல் சுருண்டு கிடந்தால், படுக்கையில் துணி குறைகிறதா என்று பார்த்துவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்கினால் தயவுசெய்து இழுக்காதீர்கள்.

கிழ நாய்க்கு இன்னும் கொஞ்சம் கவனம் தேவை. சுற்றிலும் உயர்ந்த கரை வைத்துத் தைத்தால் அதைத் தாண்ட அதற்குக் கால் வராது. ஒரு பக்கமாவது சமமாக இருக்கட்டும். வழவழப்பான தரையில், எழும்போது படுக்கை நகர்ந்து ஒருமுறை சறுக்கிவிட்டால் போதும், அதன் மேல் படுப்பதையே விட்டுவிடும். அடியில் ரப்பர் விரிப்புத் துண்டு ஒன்றைப் போடுங்கள். தூக்கத்தில் சிறுநீர் கசிகிற நாயாக இருந்தால் உள்பைக்கும் மேலுறைக்கும் நடுவில் தண்ணீர் இறங்காத ஒரு விரிப்பு வேண்டும். பிளாஸ்டிக்கை நேரடியாக உடம்பில் படும்படி போட்டால் ஈரம் தங்கித் தோல் வெந்துபோகும். எழவே முடியாமல் கிடக்கும் நாய்க்கு எவ்வளவு நல்ல படுக்கையும் தனியாகப் போதாது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்காவிட்டால் இடுப்பிலும் தோளிலும் படுக்கைப் புண் வரும்.

துவைப்பதைப் பற்றி. உறையை வாரம் ஒருமுறை, துணி தாங்குமானால் 60 டிகிரி சுடுநீரில் துவையுங்கள். தெள்ளு முட்டையும் தூசிப்பூச்சியும் அந்தச் சூட்டில் சாகும். சோப்பு கொஞ்சமாகப் போட்டு நன்றாக அலசுங்கள். வாசனைத் திரவம் தேவையில்லை. வெயிலில் மொறுமொறுப்பாகக் காய்ந்தபின் போடுங்கள். பூச்சி வராமல் இருக்க அந்துருண்டையைப் படுக்கைக்குள் வைக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அந்த நாப்தலீன் நாய்க்கு விஷம், இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அதை ஒருபோதும் செய்யாதீர்கள். பினாயில் தெளிப்பதும் அப்படித்தான். நாய் அந்த ஈரத்தில் படுத்து, பிறகு தன் உடம்பையே நக்கும்.

பார்வோ என்ற வைரஸ் நோயில் ஒரு குட்டியை இழந்தவர்கள் அதன் படுக்கையை அடுத்த குட்டிக்கு எடுத்து வைக்கக் கூடாது. அந்த வைரஸ் துணியில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். மனசு வராது என்று தெரியும். இருந்தாலும் அப்புறப்படுத்திவிடுங்கள்.

உறையைக் கழற்றும்போது ஒரு நிமிடம் அதைப் பாருங்கள். கரும்புள்ளிகள் உதிர்ந்திருந்தால் ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் கழிவு. காய்ந்த அரிசி மணி போல ஏதாவது ஒட்டியிருந்தால் நாடாப்புழுத் துண்டாக இருக்கலாம், அதுவும் தெள்ளை விழுங்குவதால் வருவதே. ஈரத் திட்டு, இரத்தத் துளி, வழக்கத்தைவிட அதிகமான முடி, எதைக் கண்டாலும் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். பத்துக் கேள்வி கேட்டு நான் தெரிந்துகொள்வதை அந்தப் படம் சொல்லிவிடும்.

எங்கே போடுவது? ஆள் நடமாடும் வழியில் வேண்டாம், யாரும் வராத மூலையிலும் வேண்டாம். வீட்டாரைப் பார்த்துக்கொண்டு, முதுகுப் பக்கம் பாதுகாப்பாகப் படுக்க நாய்க்குப் பிடிக்கும். சுவரை ஒட்டிப் போட்டால் சுவரில் உள்ள விரிசல்களை அடிக்கடி பாருங்கள். உண்ணி நாயின் உடம்பிலிருந்து இறங்கி அங்கேதான் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஒரே ஒரு விதி: படுக்கையில் இருக்கும் நாயைத் தொட்டு எழுப்பக் கூடாது. காது மந்தமான கிழ நாய் திடுக்கிட்டுக் கடித்துவிடும், அது கெட்ட நாய் என்பதால் அல்ல.

இவ்வளவும் செய்து போட்ட படுக்கையில் நாய் படுக்கவே மாட்டேன் என்கிறதா? வெயில் நாளில் தரையின் குளிர்ச்சியைத் தேடிப் போனால் விட்டுவிடுங்கள், இரவில் தானே வரும். மற்றபடி பிடித்துத் தள்ளி உட்கார வைக்காதீர்கள். இப்போது அது எங்கே படுக்கிறதோ அதே இடத்தில் படுக்கையைப் போட்டு, நீங்கள் போட்டுக் கழற்றிய, துவைக்காத பனியன் ஒன்றை மேலே விரித்துவிடுங்கள். தானாக அதில் கால் வைக்கும்போது பாராட்டி, பிடித்த தீனி கொஞ்சம் கொடுங்கள். சில நாய்களுக்கு ஒரு நாள், சிலவற்றுக்கு இரண்டு வாரம். அந்த கிரேட் டேன் மூன்றாம் நாள் ஏறிப் படுத்தது என்று சொன்னார்கள்.