ரிசீவரும் 'ஒலிவாங்கி'யும் ஒன்றில்லை

பெங்களூரில் எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு மேசை போன் பக்கத்திலும் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறார்கள். போனை எப்படிப் பயன்படுத்துவது, எப்படிச் சுத்தம் செய்வது, எதையெல்லாம் செய்யக்கூடாது என்று கன்னடம், இந்தி, தமிழ், ஆங்கிலம் நான்கிலும் இருக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் தமிழ்ப் பகுதியில் ஒரே பொருளுக்கு மூன்று பேர். முதல் வரியில் 'ஒலிவாங்கி', நடுவில் 'கைப்பேசி', கடைசியில் 'பெறுநர்'. மூன்றுமே ரிசீவரைத்தான் சொல்கின்றனவாம். "பெறுநரை மென்மையான துணியால் துடைக்கவும்" என்று ஒரு வரி. பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதிய எவருக்கும் பெறுநர் யாரென்று தெரியும். தலைமையாசிரியரைத் துடைக்கச் சொல்கிறார்கள்.

பெறுநர், மெஷினில் போட்டு எடுத்த மொழிபெயர்ப்பு என்று பார்த்தாலே தெரிகிறது, அதை விட்டுவிடலாம். என் சண்டை மற்ற இரண்டோடு, முக்கியமாக ஒலிவாங்கியோடு. ஏனென்றால் அது நாலு பேர் யோசித்து வைத்த பெயர் மாதிரி தோற்றம் காட்டுகிறது, படித்தவர்களும் அப்படியே எழுதுகிறார்கள்.

சொல்லின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 'ரிசீவ்' லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது, திரும்ப எடுப்பது, ஏற்றுக்கொள்வது என்று பொருள். 1876இல் கிரகாம் பெல் காப்புரிமை வாங்கிய காலத்தை ஒட்டி வந்த கருவிகளில் பேசுவதற்கும் கேட்பதற்கும் ஒரே உறுப்புதான், வாயில் வைத்துப் பேசிவிட்டு அதையே காதுக்கு மாற்ற வேண்டும். பிறகு பேசும் உறுப்பு தனியாகப் பிரிந்து பெட்டியோடும் தண்டோடும் நின்றுகொண்டது. காதில் வைக்கும் உறுப்பு மட்டும் கம்பியில் தொங்கியது, அதன் பேர் ரிசீவர். பேசி முடித்ததும் அதைப் பக்கத்துக் கொக்கியில் மாட்டுவார்கள், அந்தக் கனத்தில் கொக்கி இறங்கி இணைப்பு துண்டாகும். இரண்டையும் ஒரே பிடியில் சேர்த்த வடிவம் ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே வந்துவிட்டது, அமெரிக்காவில் 1920களின் கடைசியில்தான் பரவியது. சேர்ந்த பிறகு அதற்கு 'ஹேண்ட்செட்' என்று புதுப் பேர் வந்தும், பழக்கத்தில் ரிசீவர் என்பதே முழுத் துண்டுக்கும் நின்றுவிட்டது. அதாவது ஆங்கிலத்திலேயே இது பாதிக்கு வைத்த பேர், முழுசுக்கு ஒட்டிக்கொண்டது.

இப்போது ஒலிவாங்கி. ரிசீவர் எதை வாங்குகிறது? மின்சாரத்தை. கம்பி வழியே ஏறி இறங்கி வருகிற மின்னோட்டம் ஒரு சுருளுக்குள் போகிறது, பக்கத்தில் காந்தம், அதனால் மெல்லிய தகடு அதிர்கிறது, நம் காதுக்குச் சத்தம் கேட்கிறது. மின்சாரத்தை வாங்கி ஒலியைக் கொடுக்கிறது. ஒலியை வாங்குவது அதற்கு நேர் எதிர் முனையில், வாய்ப்பக்கம் இருக்கிற மைக். ஆக, ஒலிவாங்கி என்ற பேர் மைக்குக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும், தமிழில் மைக்குக்கு அந்தப் பேர் வழங்கிக்கொண்டும் இருக்கிறது. வானொலிக்காரர்கள் "ஒலிவாங்கியின் முன்னால்" என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் சந்தேகம் வராது. ஏற்கெனவே ஒரு பொருளுக்குச் சரியாக உட்கார்ந்துவிட்ட சொல்லை எடுத்து, அதற்கு எதிராக வேலை செய்கிற பொருளுக்கு வைப்பானேன்? ரிசீவ் என்றால் வாங்கு, போனில் வருவது ஒலி, ஆகவே ஒலிவாங்கி. இவ்வளவுதான் அவர்கள் கணக்கு. கருவியைக் கழற்றிப் பார்க்க வேண்டாம், யார் எதை வாங்குகிறார்கள் என்றாவது கேட்டிருக்கலாம்.

இது வெறும் பண்டிதச் சண்டை என்று நினைப்பவர்களுக்கு அட்டையிலிருந்தே ஒரு வரி: "ஒலிவாங்கி குண்டூசி போன்ற சிறு உலோகப் பொருட்களை ஈர்க்கக்கூடும், காதில் வைக்கும் முன் கவனிக்கவும்." விஷயம் உண்மை. காதுப்பக்கத்தில் காந்தம் இருப்பதால் மேசையில் சிதறிக் கிடக்கும் குண்டூசியும் ஸ்டேப்ளர் பின்னும் அந்த ஓட்டைகளில் போய் ஒட்டிக்கொள்ளும். எடுத்த வேகத்தில் காதில் வைத்தால் குத்தும். எங்கள் அக்கவுண்ட்ஸ் பகுதியில் பில்லோடு பில் சேர்த்துப் பின் அடித்துக்கொண்டே இருப்பார்கள், போனைப் பேப்பர்மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார்கள், ரிசீவரைத் திருப்பிப் பார்த்தால் ஓட்டையைச் சுற்றி வளைந்த பின் இரண்டு மூன்றாவது மினுங்கும். சரி, அட்டையைப் படிக்கிற ஆள் ஒலிவாங்கி என்றால் மைக் என்று தெரிந்தவராக இருந்தால் எந்த முனையைப் பார்ப்பார்? வாய்ப்பக்கத்தை. அங்கே ஒன்றும் இருக்காது. பார்த்துவிட்டோம் என்ற நிம்மதியோடு மறுமுனையைக் காதில் வைப்பார். சொல் தெரிந்தவருக்குத்தான் ஆபத்து அதிகம், தெரியாதவர் குழம்பிப்போய் இரண்டு பக்கமும் பார்ப்பார்!

'கைப்பேசி'யின் கதை வேறு. ஹேண்ட் என்றால் கை, செட் போனதுதான், அதனால் கைப்பேசி. மொபைல் வருவதற்கு முன்பென்றால் இதை மன்னித்திருக்கலாம், அழகான சொல்லாகவே இருந்திருக்கும். இன்றைக்கு அந்தச் சொல்லுக்கு ஊரறிந்த பொருள் மொபைல்தான். ஒற்று மிகுமா மிகாதா, கைபேசியா கைப்பேசியா, செல்பேசியா அலைபேசியா என்று வேண்டுமானால் இன்னும் சண்டை போட்டுக்கொள்ளலாம், மேசை போனின் துண்டு என்று மட்டும் யாரும் நினைக்க மாட்டார்கள். எங்கள் தளத்தில் சுத்தம் செய்ய வரும் அக்கா கிருஷ்ணகிரிப் பக்கம், தமிழ் நன்றாகப் படிப்பார். ஒருநாள் என் மொபைலை எடுத்து முன்னும் பின்னும் அழுத்தித் துடைத்து வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த மேசை போனைத் தொடாமலே நகர்ந்தார். கேட்டேன்.

"கைப்பேசியை வாரம் ஒருமுறை துடைக்கணும்னு அட்டையில போட்டிருக்கே சார். எல்லார் மொபைலையும்தான் துடைக்கிறேன். சில பேரு முறைக்கிறாங்க."

அவர் படித்ததில் ஒரு பிழையும் இல்லை. முறைத்தவர்களிடம்தான் அட்டையைக் காட்டியிருக்க வேண்டும்.

அட்டையில் இதோடு நிற்கவில்லை. ரிசீவரை வைக்கிற குழிவுக்கு ஆங்கிலத்தில் கிரேடில் என்று சொல்வார்கள், அதற்குத் 'தொட்டில்' போட்டிருக்கிறார்கள். "பேசி முடித்ததும் கைப்பேசியைத் தொட்டிலில் வைக்கவும்." தாலாட்டு ஒன்றுதான் பாக்கி. போனை வைப்பது என்று தமிழில் எல்லாரும் சொல்கிறோம், "போனை வை", "வெச்சுட்டான்" என்றால் குழந்தைக்கும் புரியும், அதை விட்டுவிட்டு "அழைப்பைத் தொங்கவிடவும்" என்று இன்னொரு வரி. ஆங்கிலத்து 'ஹேங் அப்'பை அப்படியே இறக்கியது. ஆங்கிலக்காரனுக்குக் கொக்கியில் மாட்டிய காலத்து நினைவு அது, நமக்கென்ன தலையெழுத்து? மொழிபெயர்ப்பவர்கள் தாங்களே போனில் பேசும்போது என்ன சொல்கிறார்கள் என்று ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டாலே முக்கால்வாசி தீர்ந்துவிடும். ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி இரவோடு இரவாக வாங்கினால் இப்படித்தான் வரும் என்பதும் தெரிகிறது, குற்றம் முழுக்க அவர்களுடையது இல்லை. ஆனால் படித்துப் பார்க்கத் தமிழ் தெரிந்த ஒருவரிடம்கூட இந்த அட்டையைக் காட்டவில்லையே. பெங்களூரில் தமிழ் படிக்கத் தெரிந்தவருக்குப் பஞ்சமா?

சரி, அப்படியானால் என்ன சொல்வது? பேச்சில் ரிசீவர் என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. தனித்தமிழ் நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். பக்கத்து மாநிலத்தைக் காட்டுவார்கள், கன்னடத்தில் 'தூரவாணி' என்று எவ்வளவு அழகாக வைத்திருக்கிறார்கள், 1948இல் பெங்களூரில் ஆரம்பித்த ஐடிஐ (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) போன் தொழிற்சாலை இருக்கிற இடத்துக்கே தூரவாணி நகர் என்று பேர் என்பார்கள். உண்மைதான், தொலைபேசி என்ற நம் சொல்லும் அதற்குக் குறைந்ததில்லை. ஆனால் தூரவாணி என்று எழுதுகிற என் கன்னட நண்பர்களும் அந்தத் துண்டை ரிசீவர் என்றுதான் சொல்கிறார்கள். இந்தியில்தான் இதற்குப் பழகிய சொல் ஒன்று உண்டு, 'சோங்கா'. குழல், புனல் என்கிற மாதிரிப் பொருள். வாங்குவது கொடுப்பது என்று தத்துவம் பேசாமல், பார்த்த வடிவத்துக்குப் பேர் வைத்திருக்கிறார்கள், அது நின்றது.

எழுத்தில் தமிழ்ச்சொல்தான் வேண்டும் என்றால் நமக்கும் அந்த வழி இருக்கிறது: 'கைப்பிடி'. கையால் பிடிப்பது, ஒரு முனை காதுக்கு, ஒரு முனை வாய்க்கு. கதவுக்கும் கைப்பிடி உண்டு, குக்கருக்கும் உண்டு என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், போன் பக்கத்தில் ஒட்டிய அட்டையில் கைப்பிடி என்றால் யாரும் எழுந்து போய்க் கதவைத் துடைக்கப் போவதில்லை. இரண்டு முனைகளுக்கும் காதுப்பக்கம், வாய்ப்பக்கம் என்றே சொல்லிவிடலாம். குண்டூசி எச்சரிக்கை அப்போது "கைப்பிடியின் காதுப்பக்கத்தில் குண்டூசி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காதில் வையுங்கள்" என்று ஆகும். துடைக்கிற வரியும் சுலபம்: "சுவரிலிருந்து வரும் வயரைக் கழற்றுங்கள், கைப்பிடியையும் பொத்தான்களையும் லேசாக ஈரமாக்கிய துணியால் துடையுங்கள், திரவத்தை நேரே போன்மேல் அடிக்காதீர்கள்." வயரைக் கழற்றச் சொல்வது சும்மா இல்லை. பழைய வகை லைனில் சும்மா இருக்கும்போதே 48 வோல்ட் அளவுக்கு இருக்கும், மணி அடிக்கும்போது 75, 90 வோல்ட் வரை போகும், ஈரக்கையோடு தொட்டால் சுளீரென்று உணரலாம்.

கைப்பிடி என்று வைத்துக்கொண்டால் இன்னொரு சிக்கலும் தானாகத் தீர்கிறது. போனில் இரண்டு வயர், அட்டையில் இரண்டுக்கும் 'தண்டு' என்று ஒரே பேர். தண்டு என்றால் கீரைத்தண்டு தெரியும், முதுகுத்தண்டு தெரியும், இது என்ன தண்டு? முறுக்கிக்கொண்டு கிடக்கும் சுருள் வயரைக் 'கைப்பிடி வயர்' என்றும், சுவரிலிருந்து வருவதை 'லைன் வயர்' என்றும் சொன்னால் போதும். கைப்பிடி வயரின் பிளக் கொஞ்சம் குறுகல், அதைத் தவறுதலாக லைன் துளையில் செருகினால் உள்ளே போகலாம், ஆனால் சரியாகப் பொருந்தாது, அங்குள்ள மெல்லிய கம்பிகளும் வளையலாம். சுருள் வயர் ரொம்ப முறுக்கிக்கொண்டால் கைப்பிடியை விட்டு அதைக் கழற்றி, நுனியைத் தொங்கவிட்டால் அதுவே சுற்றிச் சுற்றிப் பிரிந்துவிடும், அப்புறம் மாட்டிக்கொள்ளலாம். தொங்கவிடுவது என்ற சொல்லுக்கு அந்த அட்டையில் உண்மையான வேலை இருக்கிற ஒரே இடம் அதுதான், அதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறார்கள்.