நாமினேஷன்: பரிந்துரையா, இறுதிப் பட்டியலா?

டிசம்பர் முதல் மார்ச் வரை சினிமாச் செய்திகளில் அதிகம் அடிபடும் சொல் நாமினேஷன். தமிழில் அதைப் பெரும்பாலும் ‘பரிந்துரை’ என்று எழுதுகிறோம். ஆஸ்கர் பட்டியல்களை வரிவரியாகப் படிக்கும் ரசிகன் என்ற முறையில், இந்த இடத்தில் அந்தச் சொல் பொருந்தவில்லை என்றே நினைக்கிறேன். நல்ல தமிழ்ச்சொல்தான். ஆனால் அதன் வேலை வேறு.

மூலத்திலிருந்து பார்ப்போம். லத்தீனில் ‘நோமென்’ என்றால் பெயர். அதிலிருந்து பிறந்த ‘நோமினாரே’ என்ற வினைக்குப் பெயர் சொல்லி அழைத்தல், ஒருவர் பெயரை முன்வைத்தல் என்று பொருள். சமஸ்கிருத நாமமும் லத்தீன் நோமெனும் ஒரே மொழிக்குடும்பத்தின் உறவுச் சொற்கள். ஆக நாமினேஷன் என்பதன் உள்ளே இருப்பது ‘பெயர்’ மட்டுமே.

பரிந்துரையில் இருப்பது பரிவு. பரிந்து உரைப்பது, அதாவது ஒருவர் மேல் அக்கறை கொண்டு அவருக்காக இன்னொருவரிடம் எடுத்துச் சொல்வது. உருது வழியாக வந்த ‘சிபாரிசு’க்கு இதைவிட நல்ல தமிழ் கிடையாது. பரிந்துரைக் கடிதம், மருத்துவரின் பரிந்துரை, குழுவின் பரிந்துரை எல்லாவற்றிலும் அது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆஸ்கரில் நடப்பது அது இல்லை. அங்கே விருதை வழங்கும் அகாடமியின் உறுப்பினர்கள் வாக்களித்து, போட்டியில் இருக்கும் பெயர்களைச் சிலவாகக் குறைக்கிறார்கள். பெரும்பாலான பிரிவுகளில் ஐந்து பெயர்கள், சிறந்த படத்துக்குப் பத்து.

குழப்பம் எங்கே முற்றுகிறது என்றால், பரிந்துரை என்ற ஒரே சொல்லை நான்கு வெவ்வேறு கட்டங்களுக்கும் பயன்படுத்துவதில். 2021-இல் ‘சூரரைப் போற்று’ 366 படங்கள் கொண்ட பட்டியலில் இருந்தது. அடுத்த ஆண்டு ‘ஜெய் பீம்’ 276 படங்களில் ஒன்று. 2025-இல் ‘கங்குவா’ 323 படங்களில் ஒன்று. மூன்று முறையும் ‘ஆஸ்கருக்குப் பரிந்துரை’ என்று கொண்டாட்டம் கிளம்பியது. அவை வெறும் தகுதிப் பட்டியல்கள், முதல் கட்டம். பொதுவாக, அகாடமி குறிப்பிடும் ஆறு அமெரிக்க நகர்ப்பகுதிகளில் ஏதாவது ஒன்றில் ஏழு நாள் தொடர்ந்து திரையிட்டு, முறைப்படி விண்ணப்பித்தால் அதில் பெயர் வந்துவிடும். ஹால் டிக்கெட் வாங்குவது போலத்தான் அது. விடைத்தாளை இன்னும் யாரும் திருத்தவில்லை. ‘ஜெய் பீம்’ எனக்கு மிகவும் பிடித்த படம். அதனால்தான் அந்தக் கொண்டாட்டமும், அடுத்த மாதமே வந்த ஏமாற்றமும் வருத்தமாக இருந்தன. ஒரு சொல்லைச் சரியாக எழுதியிருந்தால் அந்த ஏமாற்றத்துக்கே இடமிருந்திருக்காது.

இரண்டாவது கட்டம், நாடு அனுப்பும் படம். சர்வதேசப் படப் பிரிவுக்கு இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பின் தேர்வுக் குழு ஆண்டுக்கு ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது. ‘தெய்வ மகன்’, ‘நாயகன்’, ‘அஞ்சலி’, ‘தேவர் மகன்’, ‘இந்தியன்’, ‘ஹே ராம்’, ‘விசாரணை’, ‘கூழாங்கல்’ எல்லாம் இப்படிப் போனவை. பரிந்துரை என்ற சொல் உண்மையில் பொருந்துவது இங்கேதான். ஒரு குழு ஒரு படத்துக்காகப் பரிந்து, ‘இதைப் பாருங்கள்’ என்று இன்னொரு குழுவிடம் சொல்கிறது. ஆனால் இவற்றில் ஒன்றுகூடக் கடைசி ஐந்துக்குள் வரவில்லை. அந்தப் பிரிவில் அதுவரை போன இந்தியப் படங்கள் ‘மதர் இந்தியா’, ‘சலாம் பாம்பே’, ‘லகான்’ மூன்றும்தான்.

மீதி இரண்டு கட்டங்களும் 2023 விருதுகளில் தெளிவாகத் தெரிந்தன. 2022 டிசம்பரில் வந்த 15 பெயர்ப் பட்டியல்களில் இந்தியாவிலிருந்து நான்கு இருந்தன: குஜராத்திப் படமான ‘செல்லோ ஷோ’, ‘ஆர்ஆர்ஆர்’ படத்தின் ‘நாட்டு நாட்டு’ பாடல், ‘ஆல் தட் ப்ரீத்ஸ்’ ஆவணப்படம், முதுமலையில் எடுத்த ‘தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்’ குறும் ஆவணப்படம். ஜனவரியில் ஐந்தாகக் குறைத்தபோது ‘செல்லோ ஷோ’ விழுந்தது, மற்ற மூன்றும் நின்றன. மார்ச்சில் பாட்டும் யானைக்குட்டிகளின் படமும் வென்றன. ‘ஆர்ஆர்ஆர்’ இந்தியா அனுப்பிய படமே இல்லை. படக்குழு தனியாக விண்ணப்பித்து, தனியாகப் பிரசாரம் செய்தது. பரிந்துரை இல்லாமலேயே விருது வந்தது என்று சொன்னால் தமிழில் அது முழுக்கச் சரியான வாக்கியம்.

அப்படியென்றால் நாமினேஷனுக்கு எதை வைத்துக்கொள்வது? ‘நியமனம்’ கூடாது, அது பதவியில் அமர்த்துவது. தேர்தலுக்கு நம்மிடம் வேட்புமனு இருக்கிறது. வேட்பு என்றால் விருப்பம், விரும்பித் தானே போட்டியிட முன்வருபவர் வேட்பாளர். வாக்கெடுப்பில் தேர்ந்து நிற்கும் படத்துக்கு அது ஒட்டவில்லை. ‘முன்மொழிவு’ லத்தீன் பொருளுக்கு மிக அருகில் வருகிறது, ஆனால் முன்மொழிந்ததும் வழிமொழிய ஆள் தேடும் கூட்ட அரங்கு நினைவுக்கு வந்துவிடுகிறது. என் தேர்வு ‘இறுதிப் பட்டியல்’. அதற்கு முந்தைய 15 பெயர்களுக்கு இலக்கியப் பரிசுச் செய்திகளில் புழங்கும் ‘குறும்பட்டியல்’ போதும். அதற்கும் முன்னால் தகுதிப் பட்டியல். சில நாளிதழ்கள் ஏற்கெனவே இப்படி எழுதுகின்றன, படிக்கும்போதே நிலவரம் புரிகிறது.

இந்தச் சொற்களை வைத்து 2024-இன் கதையைச் சொல்லிப் பார்க்கலாம். பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்’ கான் திரைப்பட விழாவில் இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் பிரி வென்றது. மும்பை மழையையும் இரண்டு மலையாள நர்ஸ்களின் தனிமையையும் அவ்வளவு பொறுமையாகக் காட்டிய படத்தை அண்மையில் நான் பார்க்கவில்லை. இந்தியா பரிந்துரைத்தது ‘லாபதா லேடீஸ்’ படத்தை. இனிமையான படம்தான், ஆனாலும் அது குறும்பட்டியலுக்குப் போகவில்லை. பிரிட்டன் பரிந்துரைத்த இந்திப் படம் ‘சந்தோஷ்’ போனது. கபாடியாவின் படத்தை அனுப்பியிருந்தால் இறுதிப் பட்டியல்வரை வந்திருக்கும் என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன். இதே பாதையில் வினோத்ராஜின் ஏதாவது ஒரு படம் ஐந்துக்குள் வரும் என்ற நம்பிக்கையும் எனக்கு இருக்கிறது. ‘கூழாங்கல்’லின் அந்த வெயிலை எடுத்தவருக்கு அது எட்டாத உயரமில்லை.

நாமினி என்ற ஆளைக் குறிக்க மட்டும் இன்னொரு சொல் வேண்டும். வங்கிப் படிவத்தில் அவர் நியமனதாரர். விருதில் ‘இறுதிப் போட்டியாளர்’ என்று எழுதலாம். 2025 கோல்டன் குளோப் விருதுகளில் சிறந்த இயக்குநர் பிரிவின் இறுதிப் போட்டியாளர்களில் ஒருவர் பாயல் கபாடியா.