எல்லை நிற்கிறது, யமுனை நகர்கிறது

தில்லி மயூர் விஹாரில் வசிக்கும் வாசகி ஒருவர், உத்தரப் பிரதேசத்தின் பாக்பத்துக்குப் போய்வந்த பிறகு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். அந்தச் சிறுநகரத்துக்கும் எதிர்க்கரையிலுள்ள ஹரியானாவின் சோனிபத் மாவட்டத்துக்கும் இடையே யமுனைதான் எல்லை என்றால், உத்தரப் பிரதேச விவசாயிகள் சிலருடைய வயல்கள் ஆற்றுக்கு அப்பால் கிடப்பது எப்படி என்று கேட்கிறார்.

மலையை விட்டு இறங்கிய ஆறு, சரிவு குறைந்த வண்டல் மண்ணில் வளைந்து வளைந்து ஓடும் என்பது பள்ளிப் பாடம். வளைவுக்குள் நீர் நடந்துகொள்ளும் விதம்தான் அழகு. திரும்பும்போது நீர் வெளிக்கரைப் பக்கம் ஒதுங்குவதால், அங்கே நீர்மட்டம் உட்கரையைவிடச் சற்று உயர்கிறது. அந்த உயரம் தரும் அழுத்தம் அடிவரை நீரை உட்கரை நோக்கித் தள்ளுகிறது. வேகமாக ஓடும் மேல்நீர் அதை மீறி வெளிப்பக்கமே போகிறது. தரையோடு உராய்ந்து வேகம் இழந்த அடிநீரால் மீற முடிவதில்லை. ஆகவே மேலே வெளிநோக்கியும் கீழே உள்நோக்கியுமாக, நீர் திருகுபோல் சுழன்றபடியே முன்னேறுகிறது. வெளிக்கரை அரிபட, அடியில் உருளும் மணல் உட்கரையில் திட்டாகச் சேர்கிறது.

கண்ணாடி டம்ளரில் நீரும் ஊறிய தேயிலையும் இட்டுக் கரண்டியால் சுழற்றிப் பாருங்கள். ஓரத்துக்கு ஒதுங்க வேண்டிய தேயிலை, அடியில் நடுவே வந்து குவியும். இந்தக் குவியலையும் ஆற்று வளைவையும் ஒரே விதியால் விளக்கி ஐன்ஸ்டைன் 1926இல் ஒரு கட்டுரை எழுதினார்.

இது ஆண்டுதோறும் சிறுகச் சிறுக நடப்பது. பெருவெள்ளத்திலோ, முற்றிய வளைவின் குறுகிய கழுத்தை அறுத்துக்கொண்டு ஆறு நேரே பாய்ந்துவிடும். அதுவரை இக்கரையில் இருந்த வயல் அக்கரைக்குப் போய்விடும். யமுனைத் தாயின் கோபம் என்று சொல்லிப் பூசை செய்வோர் உண்டு. பூசை மனத்துக்கு ஆறுதல் தரலாம், மணலின் போக்கை மாற்றாது.

முன்பு ஆற்றின் ஆழமான ஓட்டமே மாநில எல்லையாக இருந்தது. ஓட்டம் நகர்ந்தால் எல்லையும் நகரும், வழக்கும் வரும். இரு மாநிலங்களுக்கும் நடுவராக இருந்த மத்திய அமைச்சர் உமா சங்கர் தீட்சித்தின் தீர்ப்பை ஒட்டி நாடாளுமன்றம் 1979இல் இயற்றிய சட்டம் எல்லையை நிலையான கோடாக்கியது. ஆறு அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படவில்லை; வாசகி கண்ட வயல்களின் கதை இதுதான்.

போதாக்குறைக்கு, மணல் அள்ளும் பள்ளங்களும் ஓட்டத்தைத் தம் பக்கம் இழுக்கின்றன. எல்லைத் தகராறுகளுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கையாவது, ஒவ்வொரு பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆற்றுப்படுகையை அளப்பதற்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.