வயிற்றில் துளை, தோளில் வலி

லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டுக் கேமரா வழியாகப் பார்த்துச் செய்யும் ஆபரேஷனில், கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வார்டுக்கு வரும் பெண்களில் சிலர், "வயித்தைவிட தோள்தான் வலிக்குது" என்பார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு இது புரியாது, படுத்த வாக்கில் பிடித்துக்கொண்டிருக்கும் என்று விட்டுவிடுவார்கள். அந்த வலி உண்மையானது. அதைப் புரிந்துகொண்டால், வயிற்றில் போடும் மரத்துப்போகும் ஊசி எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது என்பதும் புரிந்துவிடும்.

இந்த ஆபரேஷனில் வலி மூன்று இடங்களிலிருந்து கிளம்புகிறது. துளை போட்ட வயிற்றுச் சுவர் ஒன்று. வெட்டித் தைத்த உள்ளுறுப்புகள் இன்னொன்று. மூன்றாவது, வயிற்றை உப்பவைக்கச் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு. அது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசையான உதரவிதானத்தை இழுத்து உறுத்துகிறது. உதரவிதானத்தின் நரம்பு கழுத்துத் தண்டுவடத்திலிருந்து இறங்கி வருவது. தோள் பகுதித் தோலின் உணர்வும் அதே இடத்துக்குத்தான் போய்ச் சேர்கிறது. அதனால் மூளை குழம்பி, வலி தோளில் என்று எடுத்துக்கொள்கிறது.

இப்போது ஊசிக்கு வருவோம். வயிற்றின் பக்கவாட்டில் மூன்று தசைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. சுவருக்கு உணர்வு தரும் நரம்புகள் உள்ளே இருக்கும் இரண்டு தசைகளுக்கு நடுவில் ஓடுகின்றன. அந்த இடுக்கில் மருந்தை விட்டால் போதும் என்று 2001-இல் ரஃபி என்ற மருத்துவர் எழுதினார். இதற்கு 'டாப் பிளாக்' என்று பெயர். அவர் முறையில் ஊசி உறைகளைத் துளைக்கும்போது கையில் உணரும் 'பட்' என்ற சொடுக்கைத்தான் நம்ப வேண்டியிருந்தது. இப்போது அல்ட்ராசவுண்டு இருக்கிறது.

திரையில் மூன்று கறுப்புப் பட்டைகள், இடையிடையே வெள்ளைக் கோடுகள். ஊசி சாய்வாக நுழைகிறது. மயக்க மருந்து டாக்டர் முதலில் சில சொட்டு சலைன் விட்டுப் பார்க்கிறார். தசை மட்டும் உப்பினால் இடம் தப்பு, ஊசி முனையைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். சரியான இடம் என்றால் தசைகள் இரண்டும் விலகி, நடுவே அவரை விதை போலக் கறுப்பாக ஒரு குளம் திறக்கும். பார்க்க அவ்வளவு அழகு!

அந்தக் குளத்தில் பக்கத்துக்குச் சுமார் 20 மில்லி பூப்பிவக்கைன் என்ற மரத்துப்போக வைக்கும் மருந்தை விடலாம். அது நரம்பிழையின் சோடியம் வாயில்களை அடைத்துவிடுகிறது. சோடியம் உள்ளே போகாவிட்டால் வலிச் செய்தி நகராது. ஆனால் அளவு முக்கியம். கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று கணக்கு வைத்தால், 50 கிலோ பெண்ணுக்கு 100 மில்லிகிராம். 0.25 சதவீத மருந்தில் அது சரியாக 40 மில்லி. இரண்டு பக்கமும் போட்டதும் கணக்கு தீர்ந்துவிடும். மீறினால் வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம். அப்படி நேர்ந்தால் கொடுக்கும் 20 சதவீதக் கொழுப்புக் கரைசலைப் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் மரத்துப்போவது சுவர் மட்டும்தான். உள்ளுறுப்பின் வலி வேறு நரம்புகள் வழியாகப் போகிறது. அதனால்தான் லேப்ராஸ்கோப்பியில் கர்ப்பப்பை எடுக்கும்போது இந்த ஊசியின் பலன் சிறியதாகவே இருக்கிறது. துளை போட்ட இடங்களிலேயே மருந்து போடுவது பல சமயம் இதற்கு ஈடாக இருக்கிறது. பாரசிட்டமாலும் மற்ற வலி மருந்துகளும் எப்படியும் வேண்டும். "ஊசி போட்டாச்சு, வலிக்காது" என்று நோயாளியிடம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

தோள் வலிக்கு இந்த ஊசி போய்ச் சேராது. ஆபரேஷன் முடிவில் வாயுவை நன்றாக வெளியேற்றிவிட்டால் அது குறையும். மிச்சமிருக்கும் வாயுவை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும், பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தோள் தானாகவே லேசாகிவிடும்.