மேடை விளக்கும் ஏடி கல்லும்

என் அக்கா மகள் பெண்களுக்கான உடற்கட்டுப் போட்டியில், பிகினி எனப்படும் பிரிவில், முதன்முறையாக மேடையேறுவது உறுதியானதும், தோடு வாங்கத் துணைக்குப் போகும் பொறுப்பு என்மேல் விழுந்தது. மதுரை தெற்காவணி மூல வீதிப் பக்கம் ஒரு கவரிங் கடையில் கண்ணாடிப் பலகையின்மேல் எடுத்து வைக்கப்பட்ட தோடுகள் அத்தனையும் ஒன்றுபோலவே ஜொலித்தன. அண்ணாந்து பார்த்தேன். அந்தச் சிறிய கடையின் கூரையில் நாற்பதுக்கும் மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் பதிக்கப்பட்டிருந்தன. ஜொலிப்பில் பாதி அவற்றுடையது.

கல்லுக்குள் புகும் ஒளி, உள்ளே பட்டைகளில், அதாவது தீட்டிய தட்டை முகங்களில், மோதி, மீண்டும் மேற்புறமாகவே வெளியேறினால்தான் கல் மின்னும். இதைத் தீர்மானிப்பது, ஒளியைப் பொருள் எவ்வளவு வளைக்கிறது என்று சொல்லும் ஒளிவிலகல் எண். சாதாரணக் கண்ணாடிக்கு இது ஏறத்தாழ 1.5, கடைகளில் ஏடி கல் என்றும் அமெரிக்கன் டைமண்ட் என்றும் சொல்லப்படும் கியூபிக் சிர்க்கோனியாவுக்கு ஏறத்தாழ 2.15, வைரத்துக்கு 2.42. இந்த எண் கூடக்கூட, ஒளி வெளியேறாமல் உள்ளேயே திரும்பத் தொடங்கும் மாறுநிலைக் கோணம் குறைகிறது. கண்ணாடிக்கு அது 42 பாகையை ஒட்டியும், ஏடி கல்லுக்கு 28 பாகைக்குள்ளும் இருக்கிறது. மாறுநிலைக் கோணத்தைவிடச் சாய்வாகப் பட்டையில் மோதும் ஒளி மட்டுமே முழு அக எதிரொளிப்புப் பெற்றுத் திரும்புகிறது என்பதால், ஏடி கல்லில் பெரும்பகுதி ஒளி சிக்கிக்கொண்டு மேலே வருகிறது. கண்ணாடியில் கணிசமான பகுதி அடிப்புறமாக ஒழுகிப் போகிறது. அந்த ஒழுக்கை அடைக்கத்தான் கண்ணாடிக் கற்களின் முதுகில் வெள்ளி நிற மெல்லிய பூச்சு பூசுகிறார்கள். நம் ஊர்க் கெம்புக் கல் நகையில் கல்லுக்கு அடியில் தகடு வைத்து மூடுவதும் இதே தந்திரம்தான்.

ஆனால் கெம்பு இந்த மேடைக்கு உதவாது என்பது என் கருத்து. அதன் சிவப்பு, ஒளியின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. வழவழப்பாக உருட்டப்பட்ட பரப்பில் பட்டைகளும் இல்லை. பரதநாட்டிய மேடையில் அது உருவமாகத் தெரிவதற்காகச் செய்யப்பட்டது, மின்னுவதற்காக அல்ல.

மின்னல் என்பது கல் ஒன்றினால் மட்டும் நடக்கும் காரியம் அன்று. மீனாட்சியம்மன் சன்னதியில் கூட்டத்துக்குப் பின்னால் நின்று தீபாராதனை பார்த்தவர்களுக்கு இது தெரியும்: வேறெதுவும் சரியாகப் புலப்படாத தொலைவிலும் மூக்குத்தி மட்டும் ஒரு பொட்டாகச் சுடர்விடும். சுற்றிலும் இருட்டு, ஒளி வருவது ஒரு சிறு சுடரிலிருந்து, அந்தச் சுடரும் அசைகிறது. ஒவ்வொரு பட்டையும் ஒரு குட்டிக் கண்ணாடி. அது சுடரின் பிம்பத்தை ஒரு குறிப்பிட்ட திசைக்கு மட்டும் அனுப்புகிறது, சுடர் நகர்ந்தால் அந்தத் திசையும் நகர்கிறது. போட்டி மேடையிலும் குவிவிளக்குகள் இருந்தால் இதே விளைவு கிடைக்கும். அகலமான பலகை விளக்குகள் எல்லாத் திசையிலிருந்தும் சமமாக ஒளியைக் கொட்டினால், விலை கூடிய கல்லும் பால் படிந்ததுபோல் வெளிறிவிடும்.

அடுத்தது தொலைவு. நல்ல பார்வையுள்ள கண் பிரித்தறியும் மிகச் சிறிய கோணம் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. பத்து மீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். ஆகவே பொடிக் கற்களை நெருக்கமாகப் பதித்துச் செய்த பூ வேலைப்பாடு நடுவருக்குப் பூவாகத் தெரியாது, சாம்பல் கலந்த வெளுப்பாகவே தெரியும். ஒளிரும் புள்ளி எவ்வளவு சிறிதானாலும் விண்மீனைப்போலக் கண்ணுக்கு எட்டும் என்றாலும், அதன் பிரகாசம் பட்டையின் பரப்பைப் பொறுத்தது. பெரிய கல், அகலமான சில பட்டைகள் என்பதே மேடைக்கு ஏற்றது. தொலைவில் இன்னொரு நன்மையும் உண்டு: கல் பிரித்தனுப்பும் நிறங்கள் போகப்போக விரிந்துவிடுவதால், கண்மணிக்குள் ஒரு நேரத்தில் ஒரு நிறமே நுழைந்து, பச்சையாகவோ சிவப்பாகவோ பளிச்சிடும்.

கடைக்காரம்மா ஒரு நீண்ட ஜிமிக்கியை எடுத்து நீட்டினார். ஐந்து சென்டிமீட்டர் நீளமுள்ள தொங்கட்டான் ஊசல் கணக்கின்படி வினாடிக்கு இரண்டு முறைக்குச் சற்றுக் கூடுதலாக ஆடும். அக்கா மகள் மேடையில் கால்வட்டம் திரும்பி, வயிற்றை இறுக்கி, அசையாமல் நின்ற பிறகும் அது ஆடிக்கொண்டிருக்கும். மேடையில் அசையும் ஒரே பொருள் அதுவானால், தோளைப் பார்க்கவேண்டிய கண் காதுக்குப் போய்விடும். கழுத்தணியை நான் தொடவே விடவில்லை. காறை எலும்பும் தோள்பட்டைக் கோடும் மாதக்கணக்கில் உழைத்துச் சம்பாதித்தவை, அவற்றின்மேல் திரை எதற்கு? சில அமைப்புகள் மோதிரம், கைவளை, சிறு தோடு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கின்றன என்பதால், விதிகளைப் படித்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

“மாமா, அம்மா தங்க வளையல்தான் போடணும்னு சொல்றாங்க,” என்றாள். தங்கம் நீல ஒளியில் பாதிக்கு மேல் விழுங்கிவிட்டு மஞ்சளையும் சிவப்பையும் திருப்பியனுப்புகிறது. போட்டிக்காகத் தோலில் பூசப்படும் அடர்பழுப்புச் சாயமும் அந்தப் பக்கத்து நிறமே. பழுப்பின்மேல் மஞ்சள் கரைந்துவிடும். வெள்ளி நிற உலோகம் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய சமமாகத் திருப்புவதால் பிரிந்து தெரியும்.

அந்தச் சாயம்தான் நகைக்கு எமனும்கூட. பல சாயங்களில் இருக்கும் டைஹைட்ராக்சி அசிட்டோன், தோலின் இறந்த மேலடுக்கிலுள்ள அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து பழுப்பாகிறது; நிறம் ஏறச் சில மணி நேரம் பிடிக்கும். வளையல் போட்ட கையில் பூசினால், கழற்றும்போது வெளுத்த பட்டை நிற்கும். ஈரம் கண்ணாடிக் கல்லின் முதுகுப் பூச்சுக்குள் புகுந்தால் கல் கறுத்து இறந்துவிடும். வியர்வையின் உப்பு மலிவான உலோகத்திலிருந்து நிக்கலைக் கரைத்தெடுத்து ஒவ்வாதவர்களுக்கு அரிப்பை உண்டாக்கும். காதுத் திருகாணியை மட்டுமாவது வெள்ளியில் மாற்றிக்கொள்ளலாம்.

எடையும் கணக்கில் வந்தது. ஏடி கல் அதே அளவுக் கண்ணாடியைவிட இரு மடங்குக்கும் மேல் கனம். காது மடலின் அடிப்பகுதியில் குருத்தெலும்பு கிடையாது. தண்டட்டி என்ற கனத்த காதணி போட்டுத் தொங்கிப்போன உசிலம்பட்டிப் பாட்டிகளின் காதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

கடைசியில் எட்டு மில்லிமீட்டர் ஒற்றைக் கல் தோடு இரண்டையும் வெள்ளி நிறக் கைவளை ஒன்றையும் தேர்ந்தோம். விளக்கு இல்லாத மாடிப்படியில் அவளைப் பத்தடி மேலே நிறுத்தி, கைபேசி விளக்கைக் காட்டித் தலையைத் திருப்பச் சொன்னேன். பச்சையாக ஒரு பொறி தெறித்தது. அப்போதுதான் அவள் மணிக்கட்டில் அழகர்கோயில் கறுப்புக் கயிறு கண்ணில் பட்டது. சாயம் பூசுவதற்கு முன் அதை அவிழ்ப்பதா வேண்டாமா என்ற பேச்சு, வீடு போய்ச் சேரும்வரை அக்காவோடு தொலைபேசியில் நடந்தது.