பள்ளி மேலாண்மைக் குழு: கையெழுத்துப் போடும் முன் பெற்றோர் அறிய வேண்டியவை

இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று அதன் 21ஆம் பிரிவு சொல்கிறது. பள்ளி நடப்பதைக் கண்காணிப்பதும், வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், வருகிற மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் இக்குழுவின் வேலை. தமிழ்நாட்டில் 2022இல் அரசுப் பள்ளிகளில் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டு, தாய்மார்கள் தலைவர்களானார்கள். அரசு உதவி பெறும் பள்ளிகளில் இக்குழுவுக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரம் மட்டுமே உண்டு. சட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். ஊரார் ஏமாறும் இடங்கள் இதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன.

முதல் இடம், யார் உறுப்பினராகலாம் என்பது. செங்கல் சூளைக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன பெற்றோர், பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுச் செல்வது பல கிராமங்களில் வழக்கம். அந்தப் பாட்டி கூட்டத்துக்கு வந்தால், "அப்பா அம்மாவைத்தான் சேர்க்க முடியும்" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இது தவறு. பிள்ளையைத் தம் பொறுப்பில் வைத்து வளர்ப்பவரைச் சட்டம் பாதுகாவலர் என்றே கொள்கிறது, அவர் உறுப்பினராகலாம். நலிந்த பிரிவினரின் பிள்ளைகள் பள்ளியில் எந்த விகிதத்தில் படிக்கிறார்களோ, அதே விகிதத்தில் அவர்களின் பெற்றோருக்குக் குழுவில் இடம் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ளது. பள்ளியில் பாதிப் பிள்ளைகள் காலனியிலிருந்து வரும்போது, குழுவில் ஊர்த்தெருக்காரர்களே நிறைந்திருந்தால், பெயர்ப் பட்டியலை வாங்கிக் கணக்குப் பார்த்து எழுத்துப்பூர்வமாக ஆட்சேபணை தெரிவியுங்கள். தேர்வு நடக்கும் நாளில் வேலைக்குப் போகாமல் நேரில் இருப்பது கூலிக்காரர்களுக்குக் கடினம்தான். ஆனாலும் அன்று இல்லாதவரின் பெயரை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை என்பதையே நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது இடம்தான் எல்லாவற்றிலும் பெரியது: தீர்மானப் புத்தகம். ஓர் ஊரில், விவசாயக் கூலி வேலை செய்யும் தாய் ஒருவர் குழுத் தலைவராக இருந்தார். அவர் முன்னிலையில் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தோம். மாதம் தவறாமல், "பள்ளி வளர்ச்சி குறித்து விவாதிக்கப்பட்டது" என்ற ஒற்றை வரி; அதன் கீழே, வரிசையாக முன்கூட்டியே எழுதப்பட்ட பெயர்களுக்கு எதிரே கையெழுத்துகள். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துகள் இருந்தன. மேலே ஒரு வரிகூட இல்லை. அதே பள்ளியில் மாணவிகளின் கழிப்பறை தண்ணீர் வராததால் பூட்டிக் கிடந்தது. அந்தத் தாய் அதைக் கூட்டம்தோறும் சொல்லியிருக்கிறார். அது எங்கும் எழுதப்படவில்லை. அலுவலகத்தில் போய்க் கேட்டபோது, "அப்படி ஒரு கோரிக்கை குழுவிலிருந்து வரவே இல்லையே" என்று பதில் கிடைத்தது. ஏட்டின்படி அந்தப் பதிலில் பிழை ஏதும் இல்லை என்பதுதான் கொடுமை.

ஆகவே, வெற்றுப் பக்கத்தில் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்மானத்தை முழுதாக எழுதி, உரக்கப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள். எழுதிய பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "கழிப்பறையைச் சீரமைக்க வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் அது எந்த மேசையிலும் நகராது. எந்தக் கழிப்பறை, என்ன பழுது, எத்தனை பிள்ளைகள் பயன்படுத்துகிறார்கள், எந்த அதிகாரிக்கு அனுப்பப்படுகிறது என்று நான்கையும் எழுதுங்கள். சட்டத்தின் 22ஆம் பிரிவு, குழு தயாரிக்கும் பள்ளி வளர்ச்சித் திட்டத்தின் அடிப்படையிலேயே அரசின் நிதி ஒதுக்கீடு அமைய வேண்டும் என்கிறது. நிதியாண்டு மார்ச்சில் முடிவதால், டிசம்பருக்குள் திட்டத்தில் ஏறாத தேவை பெரும்பாலும் இன்னோர் ஆண்டு காத்திருக்கிறது. பல பள்ளிகளில் இத்திட்டம் சென்ற ஆண்டு எழுதியதையே பார்த்து எழுதப்படுகிறது. அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

கட்டடம் பழுதென்றால் அலைக்கழிப்பு இரட்டிப்பாகும். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் ஆசிரியர்கள் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் வருகிறார்கள். கட்டடமோ ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. வட்டாரக் கல்வி அலுவலரிடம் போனால் பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீசுக்குப் போகச் சொல்வார். பிடிஓ ஆபீசில், பள்ளியிலிருந்து கடிதம் வந்தால்தான் இன்ஜினியரை அனுப்ப முடியும் என்பார்கள். தலைமையாசிரியரோ மேலதிகாரி சொல்லாமல் கடிதம் தர முடியாது என்பார். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்ததற்குப் பிறகும் இந்தச் சுற்று நின்றபாடில்லை. இதை உடைக்க நடைமுறையில் ஒரு வழி உண்டு. தீர்மானத்தின் நகலோடு ஒரே மனுவை இரு அலுவலகங்களுக்கும் ஒரே நாளில் கொடுங்கள்; ஒவ்வொன்றிலும் மற்றதற்கு அனுப்பியதைக் குறிப்பிடுங்கள்; தபால் பிரிவில் முத்திரையும் தேதியும் போட்ட நகலை வாங்காமல் திரும்பாதீர்கள். வாய்மொழியாக "பார்க்கிறோம்" என்று சொல்லி அனுப்பினால், அந்த மனு வந்ததற்கே சான்று இல்லை.

பணத்தைப் பற்றியும் கேளுங்கள். ஒன்றிய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் விதிமுறைப்படி பள்ளிக்கு ஆண்டு மானியம் உண்டு. மாணவர் 31 முதல் 100 வரை இருந்தால் 25,000 ரூபாயும், 101 முதல் 250 வரை இருந்தால் 50,000 ரூபாயும் ஒதுக்க வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கானது. ஆகவே துடைப்பமும் பினாயிலும் வாங்கப் பெற்றோரிடம் வசூல் செய்வதற்கு முன், இந்த ஆண்டு மானியம் வந்ததா, எதற்குச் செலவானது என்று குழு கேட்கலாம். பில்லைப் பார்க்காமல் செலவுக்கு ஒப்புதல் தரக் கூடாது.

உடல்நலத்துக்கும் இதே விழிப்பு வேண்டும். நடமாடும் மருத்துவக் குழு பள்ளிக்கு ஆண்டுக்கு ஒரு முறையும் அங்கன்வாடிக்கு இரு முறையும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். பார்வைக் குறைபாடும் இதயக் கோளாறும் அதில் கண்டறியப்பட்டு, பரிந்துரைச் சீட்டு பள்ளி மேசையிலேயே கிடந்து, பெற்றோர் கைக்கு வராமல் போவதுண்டு. வந்த தேதியையும், மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்குத் தகவல் தரப்பட்டதா என்பதையும் அடுத்த கூட்டத்தின் பொருளாக எழுதச் சொல்லுங்கள். ஊரளவில் கிராம சுகாதார, குடிநீர், துப்புரவு, ஊட்டச்சத்துக் குழு என ஒன்றும் உண்டு. அதற்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை நிதி தரலாம் என்பது விதி. நான் பார்த்த ஊர்களில் அந்தச் செலவு பிளீச்சிங் பவுடர் என்றே எழுதப்பட்டிருந்தது. பவுடரைக் கண்டவர்கள் குறைவு. அக்குழுவின் உறுப்பினர் யார் என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

பள்ளிக் குழுவின் தீர்மானம் அசையவில்லை என்றால், அதைக் கிராம சபைக்குக் கொண்டு செல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் சபை கூட வேண்டும். அரசு அனுப்பிய பொருள்களை மட்டும் வாசித்துவிட்டுக் கூட்டத்தை முடிக்கப் பார்ப்பார்கள். ஆகவே, உங்கள் கோரிக்கையைக் கூட்டத்துக்கு முன்பே ஊராட்சிச் செயலரிடம் எழுதிக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். கூட்டம் முடியும் வரை இருந்து, அது தீர்மானமாக எழுதப்பட்டதைப் பார்த்த பிறகே வருகைப் பதிவில் கையெழுத்திடுங்கள். கூட்டம் தொடங்கும்போதே கையெழுத்து வாங்கிவிட்டால், பிறகு நீங்கள் எழுந்து போனாலும் உங்கள் பெயர் அவர்களின் எண்ணிக்கைக்குப் பயன்படும்.

கேள்வி கேட்ட பெற்றோரின் பிள்ளையை வகுப்பில் குத்திப் பேசுவதும், "டிசியை வாங்கிக்கொண்டு போங்கள்" என்பதும் நடக்கின்றன. பிள்ளைக்கு மன உளைச்சல் தருவதைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. சொன்ன நாள், சொன்னவர், சொன்ன சொல் மூன்றையும் அன்றே எழுதிவையுங்கள். 32ஆம் பிரிவின்படி எழுத்தில் தரும் புகாருக்கு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். தீர்மானப் புத்தகத்தைக் காட்ட மறுத்தால், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவில் "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள். அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரையிலான தீர்மானப் பக்கங்கள், மானிய வரவு செலவுக் கணக்கு, பில்கள் ஆகியவற்றின் நகல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.